2011 வேகன் ஆர்: 70,000 போட்டு ஓட்டுவதா, வேறு பழைய வண்டி பார்ப்பதா?

ஒரு 2011 மாடல் பெட்ரோல் வேகன் ஆரை எடுத்துக்கொள்வோம். கிளட்ச் செட் தேய்ந்துவிட்டது. முன்பக்க லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் இரண்டும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சத்தம் போடுகின்றன. ஏசி கம்ப்ரஸர் போச்சு, நான்கு டயரும் வழுக்கை. மெக்கானிக் மொத்தமாக 70,000 ரூபாய் சொல்கிறார். இருக்கிற நிலையில் விற்றால் 80,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஒருவர் சொல்வார்: "ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டிட்டா தள்ளிவிட்டுடணும் சார்."

அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. 80,000க்கு விற்று, கையில் இருக்கும் 70,000ஐச் சேர்த்தால் ஒன்றரை லட்சம். அந்த விலைக்கு வருவதும் நம்முடையதைப் போலவே வயதான வண்டிதான். அதிலும் ஒரு கிளட்ச், ஒரு செட் டயர் பாக்கி இருக்கும். எப்போது செலவு வைக்கும் என்பதுதான் தெரியாது. கொஞ்சம் உருப்படியான 2019, 2020 மாடல் வேண்டுமென்றால் மூன்றரை, நான்கு லட்சம் எடுத்து வைக்க வேண்டும். ஆக, 70,000ஐ ஒப்பிட வேண்டியது பழைய வண்டியின் விலையோடு அல்ல, கையிலிருந்து போகப்போகும் இந்த மூன்று லட்சத்தோடு.

முதலில் அந்த 70,000 எதற்குப் போகிறது என்று பாருங்கள். கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் ஓட ஓடத் தேயும் சாமான்கள். எந்த வண்டி வைத்திருந்தாலும் ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டியின் கே-சீரிஸ் எஞ்சினில் டைமிங் செயின்தான், பெல்ட் மாற்றும் செலவும் கிடையாது. ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, நீலப் புகை விடுகிறது என்றால் பேச்சே வேறு. துரு அதைவிட மோசம். கடலோர ஊர்களில் கதவுக்குக் கீழே, தரைத்தகட்டில், ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்தில் தகடு அரித்துப் போயிருந்தால் டிங்கரிங் பண்ணி மறைக்கலாம், பழைய உறுதி வராது. டீசல் வண்டியில் டர்போ, இன்ஜெக்டர் என்று பில் ஆரம்பித்தாலும் நான் விற்கத்தான் சொல்வேன். இந்தியாவில் 2017-இல் விற்பனையை நிறுத்திய செவ்ரோலே மாதிரி கம்பெனி வண்டி என்றால், பணம் இருந்தாலும் ஸ்பேர் தேடி அலைய வேண்டும்.

அடுத்தது ஆர்.சி. (பதிவுச் சான்று). சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம். 2011 வண்டிக்கு 2026-இல் முடிகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) காட்டிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000; பசுமை வரி தனி. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அதனால் 70,000ஐ இந்த 5 வருஷத்துக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்கு 14,000. மோசமில்லை. ஒரு யோசனை: பிரேக், ஸ்டியரிங், லைட், புகை இவற்றை முதலில் சரிபண்ணி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிடுங்கள். ஏசியை அப்புறம் பார்க்கலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் போட்ட 70,000 ஐடிவியில் (இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) ஏறாது. ஐடிவி 80,000 என்றால், விபத்தில் சேதம் அதில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே, அதாவது 60,000க்கு மேல் போனாலே, டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். எனவே ஓடுவதற்குத் தேவையானதற்கு மட்டும் செலவு செய்யுங்கள். முழு பெயின்ட், புது சீட் கவர் எல்லாம் இந்த வயது வண்டிக்கு வீண்.

பழைய வண்டி கண்டிப்பாகத் தோற்கும் இடம் ஒன்று உண்டு, பாதுகாப்பு. 2011-இல் சாதாரண வேரியன்ட்களில் ஏர்பேக்கும் இல்லை, சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதே வருஷம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார். 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக். ஏர்பேக்கையும் ஏபிஎஸ்ஸையும் எந்த மெக்கானிக்காலும் பழைய வண்டியில் உருப்படியாக மாட்டித்தர முடியாது. கடைக்கு, கோயிலுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்கு என்று ஓடும் வண்டி என்றால் ரிப்பேர் பண்ணி ஓட்டுங்கள். வாராவாரம் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் 100-இல் போகிறீர்கள் என்றால் மூன்று லட்சம் போனாலும் மாற்றுங்கள். மாற்றுவதென்றால் 2019 நடுப்பகுதிக்குப் பிறகு தயாரானதாகவே பாருங்கள். 2011-ஐக் கொடுத்து 2014-ஐ வாங்குவது எனக்குப் புரியாத வியாபாரம். (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக மாற்றுகிறேன் என்றால் 2019 மாடலும் தீர்வு இல்லை. அதற்கேற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான்.)

வாங்கப் போகும் இடத்தில் விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டெல்லியில் வயதான வண்டிகளுக்கு இருக்கும் கெடுபிடியால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வருகின்றன. என்.ஓ.சி. (அங்கே வாங்க வேண்டிய ஆட்சேபணையின்மைச் சான்று), இங்கே வரி, புது நம்பர் எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கடைசி அரை அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட் அடியில் போல்ட் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், இதையும் பாருங்கள். மீட்டர் 40,000 கி.மீ. காட்டி, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து மழமழவென்று இருந்தால், மீட்டரைக் குறைத்திருக்கலாம்; கிளம்பி வந்துவிடலாம். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் எத்தனையாவது ஓனர், ஃபினான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆயில், பேட்டரி, பிரேக் என்று வாங்கிய மாதத்திலேயே 30,000 ஆகும் என்று ஒதுக்கி வையுங்கள்.

பழையதைக் கொடுப்பதாக முடிவெடுத்தால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டதோடு விடாதீர்கள். பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் இருப்பவர்தான் ஓனர், விபத்து நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் என்சிபி (க்ளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அடுத்த வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.