கறுப்பு கார் வைத்திருப்பவர்கள் யோசித்துப் போங்கள்

போன ஞாயிறு வேளச்சேரி பக்கம் ஒரு வாட்டர் வாஷ் கடையில் காரை விட்டேன், 500 ரூபாய். நுரை அடித்ததெல்லாம் சரி, ஆனால் துடைத்த துணி முந்தின வண்டியின் சேற்றோடு தரையில் கிடந்தது. வெயிலில் பார்த்தால் கறுப்பு பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல்! திரும்பப் போய்க் கேட்டால், "முன்னாடியே இருந்துச்சு சார்" என்கிறார் முதலாளி. நல்லவேளை, விடும்போது எடுத்த வீடியோ இருந்தது, அதைக் காட்டியதும் இறங்கி வந்து இலவசமாக பாலிஷ் போட்டுக் கொடுத்தார். நகத்தில் தட்டுப்படாத கீறல்கள், அதாவது கிளியர் கோட்டோடு (பெயிண்ட் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு) நின்றவை, போய்விட்டன. கதவோரம் ஒன்றில் மட்டும் நகம் சிக்குகிறது, அதற்கு டச்சப் பெயிண்ட்தான் (கீறிய இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் பெயிண்ட்) வழி. அதையும் இவர்களிடமே கொடுக்க மனசு வரவில்லை. இப்போதெல்லாம் இரண்டு பக்கெட், ஒரு மைக்ரோஃபைபர் துணி, நம்ம வாசல்.