கணினிக் கடிகாரம் பின்தங்கினால்: பேட்டரியா, நெட் டைமா, தனி ஆர்டிசியா?

நேரம் பின்தங்குகிறது என்றதும் மதர்போர்டு பேட்டரியை மாற்றுவதுதான் வழக்கம். பல சமயம் அது வீண் செலவு. டெஸ்க்டாப்பில் சுவர் ஸ்விட்சையும் அணைத்த பிறகுதான் ஆர்டிசி சிப் (கணினி அணைந்திருந்தாலும் நேரத்தை எண்ணும் கடிகார சிப்) பேட்டரியை நம்பி ஓடுகிறது. ஆன் செய்ததும் விண்டோஸோ லினக்ஸோ அதிலிருந்து நேரத்தை ஒரு முறை படித்துக்கொண்டு, பிறகு பிராசசர் டைமரை வைத்துத் தானே எண்ணிக்கொள்ளும். அங்கே விழும் தாமதத்துக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை.

அதனால் முதலில் சோதனை. இரவு நேரத்தைச் சரியாக வைத்து, ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். காலையில் விண்டோஸுக்குப் போகாமல் நேரே பயாஸ் திரையில் (ஆன் செய்ததும் டெலிட், எஃப்2 போன்ற கீயை அழுத்தினால் வரும் அமைப்புத் திரை) பாருங்கள். மணிக்கணக்கில் குறைந்திருந்தாலோ, பழைய வருஷத்துக்குப் போயிருந்தாலோ பேட்டரிதான். நாளுக்கு ஓரிரு விநாடி என்றால் அது ஆர்டிசிக்குத் துடிப்பு தரும் குவார்ட்ஸ் கிரிஸ்டலின் இயல்பு: பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை, நாளுக்கு 1.7 விநாடி. கிரிஸ்டல் சூடானால் இன்னும் மெதுவாகும். சரியாக ஐந்தரை மணி நேரம் மாறியிருந்தால் இது பின்தங்கலே இல்லை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், ஆர்டிசியில் உள்ளதை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம்.

பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். பயாஸ் அமைப்புகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீ கையில் இருக்கட்டும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி போடவும். லேப்டாப்பில் ஒயரோடு வரும் செல்லாக இருந்தால் அதே கனெக்டர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓடும்போது தாமதிக்கும் கணினிக்கு, இணைய சர்வரிலிருந்து நேரத்தை எடுத்துச் சரிசெய்யும் நெட் டைம்தான் மருந்து. விண்டோஸ் டைம் சர்வீஸ் வீட்டுக்குப் போதும். ஆனால் பழைய பதிப்புகளில் வாரத்துக்கு ஒரு முறைதான் சரிபார்க்கும். 15 மணி நேரத்துக்கு மேல் பிழை இருந்தால் திருத்தவே மறுக்கும். அப்போது தேதியைக் கையால் வைத்துவிட்டு ஒத்திசைக்கவும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் குரோனி என்ற புரோகிராம் இதைவிட ஒரு படி மேல். கடிகாரம் எந்த வேகத்தில் பின்தங்குகிறது என்பதையே கணக்கிட்டு, நெட் இல்லாத நேரத்திலும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க ஓடும் சர்வருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் ஃபயர்வாலில் யுடிபி 123 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும்.

நெட்டே இல்லாத இடத்தில் ராஸ்பெர்ரி பை 4 போன்ற, ஆர்டிசியே இல்லாத சிறு கணினி போர்டு என்றால் டிஎஸ்3231 என்ற தனி ஆர்டிசி மாட்யூல்தான் வழி. வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் வருஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் பிழை வரும். மலிவான டிஎஸ்1307-இல் அந்த வசதி கிடையாது. ஒரு எச்சரிக்கை: சந்தையில் அதிகம் கிடைக்கும், டிஎஸ்3231 பொருத்திய இசட்எஸ்-042 மாட்யூலில் சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது. சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பிவிடும். 3.3 வோல்ட் பின்னில் இணையுங்கள், அல்லது சார்ஜிங் பாதையில் இருக்கும் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.