மரம் அறுத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

செங்கோட்டையில் மர அறுவை மில் ஒன்றில் கூலியாக இருந்த என் தாத்தாவின் முன்னோர் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று அரசுப் பதிவுகளில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இம்முறை ஊருக்குப் போயிருந்தேன். நான் வாழும் இங்கிலாந்தில் 100 ஆண்டு கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை யாரும் பார்க்கலாம். வீட்டிலிருந்தோர் பெயர், வயது, தொழில் எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் அந்த வழி இல்லை. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை.

தொழில்வழித் தேடலும் பலன் தரவில்லை. 1948-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தில் இயங்கும் இடமானால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. நாலைந்து பேரை வைத்து ஓடிய மில்லின் கூலிக் கணக்கு முதலாளியின் கல்லாப்பெட்டியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய தொழிலாளியை அவர் பார்த்த வேலையில் தேடுவதைவிட, அவர் வாங்கிய நிலத்திலும் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளியிலும் தேடுவதே மேல்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். அன்று தாலுகாவின் ஒரு பகுதி மட்டும் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர, ஆரியங்காவுப் பக்கம் கேரளத்திலேயே நின்றது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இப்படி வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் எழுதப்பட்டிருக்கும்போது, இன்றைய மாவட்டத்தை வைத்து அலுவலகத்தைத் தேர்ந்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

உண்மையில் உதவியது சித்தி வீட்டு மரப்பெட்டியில் கிடந்த பழைய கிரயப் பத்திரம். அதில் ஆண்டு 1117 என்றிருந்தது. பத்திர எழுத்தர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது கொல்லம் ஆண்டு தம்பி. ஆவணியில பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி பாதிவரைக்கும் 824-ஐக் கூட்டணும், அதுக்கப்புறம் 825" என்றார். மாதம் தை, எனவே 1942. வாங்கியவர் தாத்தாவின் தகப்பனார். அவர் பெயரை அடுத்து அவருடைய தகப்பனார் பெயர், வாங்கியவரின் வயது 41, தொழில் 'தடி அறுப்பு' என்று வரிசையாக எழுதியிருந்தது. தாத்தாவின் தகப்பனாரும் மரம் அறுத்தவர் என்பதும், அவருடைய தகப்பனாரின் பெயரும் எங்களுக்கு அந்த ஒரு வரியில் தெரிந்தன.

சேவைகளைப் பற்றிச் சொன்னால், வில்லங்கச் சான்று பார்ப்பது வெகுவாக எளிதாகிவிட்டது. 1975-க்குப் பிந்திய பதிவுகளைப் பெரும்பாலும் இணையத்திலேயே காணலாம். முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பிறப்புப் பதிவு கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், பழைய பதிவேடு கட்டிக் கிடக்கிறது, அப்புறம் வாருங்கள் என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பினார்கள். இத்தகைய நேரத்தில் பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் கேட்பது நல்லது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. மாறாக, தாத்தா படித்த பள்ளியின் தலைமையாசிரியை சேர்க்கைப் பதிவேட்டைத் தாமே எடுத்துவரச் செய்து, பூச்சி அரித்த தாள்களைப் பொறுமையாகப் புரட்டிக் காட்டினார். அந்தப் பொறுமைக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நம்பி வருவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அந்த உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நான் மனுச் செய்ய முடியாததால், சித்தி மகள் தன் பெயரில் எழுதினாள். கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது பெற்றுக்கொண்ட அலுவலகத்தின் பொறுப்பு. பத்திரத்தில் கண்ட பூர்விக ஊர் ஆரியங்காவுப் பக்கம் என்பதால் அடுத்த மனு கொல்லம் மாவட்டத்துக்குப் போகிறது. அதையும் அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.