மகளுக்கு வாங்கிய மின்சுற்றுப் பெட்டி

மின்சுற்றுகளைச் செய்து பார்க்கும் இந்தப் பெட்டியை ஏழாவது படிக்கும் மகளுக்காக வாங்கினேன். இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் மங்கல், பக்க இணைப்பில் இரண்டும் பளிச். அதை அவளே கண்டுபிடித்தாள்.

எனக்குப் பிடித்தது கூடவே வரும் மல்டிமீட்டர்தான்; மின்தடை போன்றவற்றை அளக்கும் கருவி. பல்பில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை சுமார் 8 ஓம். அணைந்திருக்கும்போது அளந்தால் 1 ஓம் சொச்சம்தான்! மீட்டர் பழுதோ என்று நினைத்தோம். அப்புறம்தான் புரிந்தது: பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் இழை சூடேறினால் மின்தடையும் ஏறும். அந்தச் சூட்டிலேயே பெரும்பகுதி ஆற்றல் போய்விடுகிறது. ஆனால் பெட்டியிலுள்ள சிவப்பு எல்இடி 0.01 ஆம்பியரிலேயே நன்றாக ஒளிர்கிறது.

கம்பிகளின் முனையில் இருக்கும் முதலைக் கவ்விகள்தான் (கடித்துப் பிடிக்கும் கிளிப்புகள்) மோசம்; இரண்டு வாரத்தில் நான்கு கழன்றுவிட்டன, நானே சால்டர் வைத்தேன். இரண்டு பேட்டரியோடு எல்இடியை இணைக்கும்போது 100 ஓம் மின்தடையத்தைத் தொடரில் போட மறக்காதீர்கள்; கையேட்டில் அது இல்லை.