லயன்ஸா, பிஸ்டன்ஸா: டெட்ராய்ட்டில் என் ஓட்டு யாருக்கு?

டெட்ராய்ட் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் வீடு, கார், பனிக்கால ஜாக்கெட் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஆஃபீஸ்ல எல்லாரும் லயன்ஸ், லயன்ஸ்னே பேசுறாங்க. பிஸ்டன்ஸ்னு ஒரு டீமும் இருக்காமே? நான் யாரைப் பிடிச்சுக்கிறது?"

நான் 2003 செப்டம்பரில் ட்ராய் நகருக்கு வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு அணிகளின் ஆட்டங்களையும் பார்த்துவிட்டேன். லயன்ஸ் அமெரிக்க ஃபுட்பால் அணி, பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி. இந்த ஊர் லயன்ஸ் ஊர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் பாதிப் பேர் அந்த வெளிர்நீலச் சட்டையில்தான் நிற்பார்கள். ஆனாலும் என் ஓட்டு பிஸ்டன்ஸுக்கு. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் பந்து அல்ல. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கபடிப் பாட்டுக்காரன் போல ஆட்களை விலக்கித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். லயன்ஸ் அணி ஒஹாயோ மாநிலத்தின் போர்ட்ஸ்மத்தில் ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1934ல் டெட்ராய்ட்டுக்கு வந்தது. 1935, 1952, 1953, 1957 என நான்கு பட்டங்கள் வென்றது. பிஸ்டன்ஸோ இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் இருந்தது. அதன் முதலாளி பிஸ்டன் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார், பெயர் அப்படித்தான் வந்தது. அந்த அணி கார் நகரமான டெட்ராய்ட்டுக்கு இடம் மாறியது 1957ல். லயன்ஸ் கடைசியாகப் பட்டம் வென்ற அதே வருஷம்.

அந்த 1957ல் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டன்ஸ் 1989, 1990, 2004 என மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்தது. லயன்ஸ் 2023 சீசனுக்கு முன்பு வரை மொத்தம் ஜெயித்த ப்ளேஆஃப் (சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக ஆடும் சுற்று) ஆட்டம் ஒன்றே ஒன்று, 1992 ஜனவரியில் டல்லஸை 38-6 என்று அடித்தது. அறுபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டம்!

அப்படியிருந்தும் ஊர் ஏன் லயன்ஸ் பின்னால் நிற்கிறது? எனக்கு இதைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வந்த முதல் நவம்பரில் நன்றி கூறும் நாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். 1934ல் இருந்து அந்த நாளில் லயன்ஸ் ஆட்டம் உண்டு. உலகப் போர்க் காலத்துச் சில வருஷங்கள் தவிர நின்றதே இல்லை. வான்கோழி அடுப்பில் வேக, தாத்தா முதல் கைக்குழந்தை வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 57ல் ஜெயித்தபோது தனக்கு ஒன்பது வயது என்றும், அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார் என்றும் பெரியவர் சொன்னார். பாட்டன் சொத்து மாதிரி லயன்ஸ் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. தோற்கிறது என்பதற்காக யாரும் பாட்டன் வீட்டை விட்டுப் போவதில்லை.

எனக்கு அந்தச் சொத்து வரவில்லை. நான் வந்த முதல் சீசனிலேயே எனக்குக் கிடைத்தது பிஸ்டன்ஸ். அந்த 2004 அணியை இன்றைக்கும் நினைத்தால் மனசு நிறைகிறது. பென் வாலஸை ட்ராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்) ஒரு அணிகூட எடுக்கவில்லை. சான்சி பில்லப்ஸ் பாஸ்டன், டொராண்டோ, டென்வர், மினசோட்டா என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவர். ரிச்சர்ட் ஹாமில்டனை வாஷிங்டன் வேண்டாம் என்று மாற்றிக் கொடுத்தது. டேஷான் பிரின்ஸ் 23வது தேர்வு. ரஷீத் வாலஸ் சீசன் பாதியில் வந்து சேர்ந்தவர். அடுத்தவன் ஒதுக்கிவிட்ட ஆட்களை வைத்துக் கட்டிய வீடு அது. தடுப்பாட்டம் என்றால் அப்படி ஒரு தடுப்பாட்டம்: அந்த மார்ச்சில் தொடர்ந்து ஐந்து அணிகளை 70 புள்ளிக்குள் சுருட்டினார்கள்.

அந்த வருஷம் மாநாட்டு இறுதியில், அதாவது கிழக்குப் பாதி அணிகளின் இறுதிச் சுற்றில், இண்டியானாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பிஸ்டன்ஸ் இரண்டு புள்ளி முன்னிலை. ரெஜி மில்லர் தனியாகப் பந்தோடு ஓடுகிறார், எதிரில் ஆளே இல்லை, சும்மா எழும்பிக் கூடையில் வைத்தால் போதும். பிரின்ஸ் நல்ல தூரம் பின்னால் இருந்தார். ஓடி வந்து, இடது கையை நீட்டி, பந்து பலகையைத் தொடுவதற்கு முன் தட்டிவிட்டு, வந்த வேகத்தில் கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய் விழுந்தார். பந்து ஹாமில்டன் கையில். ஆட்டம் 72-67. அன்று ராத்திரி நான் தங்கியிருந்த அபார்ட்மெண்டில் மேல் மாடி, கீழ் மாடி எல்லா வீட்டில் இருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. அதுவரை அந்த அபார்ட்மெண்டில் எனக்கு யாரையும் தெரியாது.

அப்புறம் இறுதிப் போட்டியில் ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் நால்வரும் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று முடித்தார்கள். கடைசி ஆட்டத்தில் பென் வாலஸுக்கு 18 புள்ளி, 22 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது).

பிஸ்டன்ஸ் தப்பே செய்யாத அணி என்று சொல்ல வரவில்லை. 2003 ட்ராஃப்டில் இரண்டாவது தேர்வைக் கையில் வைத்துக்கொண்டு கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரையும் விட்டுவிட்டு டார்கோ மிலிசிச்சை எடுத்தார்கள். 2008 நவம்பரில் பில்லப்ஸை அனுப்பிவிட்டு ஆலன் ஐவர்சனை வாங்கினார்கள். அதற்கு முன்னால் ஆறு வருஷம் தொடர்ந்து மாநாட்டு இறுதி வரை போன அணி அந்த ஒரு முடிவில் குலைந்துபோனது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

லயன்ஸின் குறை வேறு வகை. கையில் வந்த வைரத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத குறை. பேரி சாண்டர்ஸ் பந்தோடு திரும்பினால் எதிரே நிற்பவனின் இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். 1997ல் 2,053 கஜம் ஓடியவர். எல்லாக் காலத்துக்குமான ஓட்டச் சாதனைக்கு இன்னும் 1,457 கஜம்தான் பாக்கி என்ற நிலையில், 1999 ஜூலையில், தோற்றுத் தோற்று மனசு விட்டுப்போய் ஓய்வை அறிவித்துவிட்டார். கால்வின் ஜான்சன் 2012ல் 1,964 கஜம் பந்து பிடித்துச் சாதனை படைத்தவர். அவரும் முப்பது வயதில் போய்விட்டார். போகும்போது அவர் வாங்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது அணி. 1989, 1990 கோப்பை நாயகர்கள் ஐசையா தாமஸும் ஜோ டுமார்ஸும் முதல் ஆட்டம் முதல் கடைசி ஆட்டம் வரை பிஸ்டன்ஸ் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டதில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு இது கோப்பைக் கணக்கைவிடப் பெரிய விஷயம்.

2008 டிசம்பர் வேறு. கார் கம்பெனிகள் வாஷிங்டனில் போய்க் கடனுக்கு நின்ற மாதம். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் வேலை போயிருந்தது. அந்தச் சீசனில் லயன்ஸ் 0-16, பதினாறு ஆட்டத்திலும் தோல்வி. பெரியவர் ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்த்தார்.

2023 டிசம்பரின் கடைசி வாரம்

இரண்டையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. 24ஆம் தேதி மினியாபொலிஸில் லயன்ஸ் 30-24 என்று ஜெயித்து, 1993க்குப் பிறகு முதல் தடவையாகத் தன் டிவிஷனை (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) வென்றது. கடைசியில் எதிரணி வீசிய பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்துவைத்தவர் மெலிஃபோன்வு. லயன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்தபோது, அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃபோடும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளோடும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் வந்தது; அதில் எடுத்த ஆள்தான் இவர். எல்லாம் எப்படிக் கோத்துக்கொண்டு வந்தது பாருங்கள்!

இரண்டு நாள் கழித்து, 26ஆம் தேதி, நான் ஒன்பது வயது மகளோடு லிட்டில் சீசர்ஸ் அரங்கில் இருந்தேன். பிஸ்டன்ஸ் தொடர்ந்து 27வது தடவை தோற்றது. கேட் கன்னிங்ஹாம் தனியாளாக 41 புள்ளி போட்டும் தோல்வி. "அணியை வித்துடு, அணியை வித்துடு" என்று கூட்டம் முதலாளியைப் பார்த்துக் கத்தியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவர் நல்லாத்தானே விளையாடுறார், ஏன் திட்டுறாங்க?" என்று கேட்டாள். அவரைத் திட்டவில்லை என்று விளக்கினேன். அவள் சமாதானம் ஆகவில்லை.

30ஆம் தேதி ராத்திரி பிஸ்டன்ஸ் 28 தோல்விக்குப் பிறகு டொராண்டோவை 129-127 என்று ஜெயித்தது. அதே ராத்திரி டல்லஸோடு ஆடிய லயன்ஸ் 23 நொடி மிச்சம் இருக்கையில் பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் டச் டவுன் போட்டு, கூடுதல் இரண்டு புள்ளிக்கு முயன்று, டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தும் விட்டார். அவர் மாதிரி ஆட்கள் பந்தைப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டி நடுவரிடம் சொல்ல வேண்டும்; வந்து சொன்னது வேறு வீரர்தான் என்று நடுவர் அதைச் செல்லாமல் ஆக்கினார். 20-19 தோல்வி. வீட்டுக்குள் முதலில் ஒரு டிவி முன்னால் மகள் குதித்தாள், பிறகு இன்னொன்றின் முன்னால் பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். ஃபுட்பாலில் ஒரு அணிக்கு 53 பேர். வருஷத்துக்கு ஏழு சுற்று ட்ராஃப்ட். கண் நன்றாக இருந்தால் மூன்று வருஷத்தில் அணியைக் கட்டிவிடலாம். லயன்ஸின் பொது மேலாளராகப் பிராட் ஹோம்ஸ் 2021ல் வந்து அதைத்தான் செய்தார். நான்காம் சுற்றில், 112வது ஆளாக எடுத்த அமான்-ரா செயின்ட் பிரவுன் இன்று லயன்ஸின் உயிர்நாடி. கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்தே பேர். ஒரு அபூர்வ ஆட்டக்காரர் கிடைக்காவிட்டால் பத்து வருஷம் போய்விடும். அதற்கும் குலுக்கல். 2019ல் இருந்து கடைசி மூன்று இடத்து அணிகளுக்கும் முதல் தேர்வு வாய்ப்பு ஒரே அளவு, 14 சதவீதம். 2023, 2024 இரண்டு வருஷமும் ஆகக் கடைசியில் நின்ற பிஸ்டன்ஸுக்குக் கிடைத்தது இரண்டு தடவையும் ஐந்தாவது தேர்வு. அதற்குமேல் கீழே போக விதியிலேயே இடம் இல்லை.

அங்கிருந்து எழுந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது. 14 வெற்றி, 68 தோல்வி என்று முடிந்த அணி, ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் கோச்சாக வந்த அடுத்த சீசனில் 44-38. கேட் சராசரி 26 புள்ளி. நல்ல அணி கூப்பிட்டால் போகிறேன் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. நியூயார்க்கோடு ப்ளேஆஃபில் 4-2 என்று தோற்றோம். நான்காவது ஆட்டம் 94-93, கடைசி நொடியில் டிம் ஹார்டவே ஜூனியரைத் தடுத்தது ஃபவுல்தான் என்று நடுவரே ஆட்டம் முடிந்து ஒப்புக்கொண்டார். எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே வெளியே வந்தோம்.

லயன்ஸின் உயரமும் சாதாரணம் இல்லை. 2024 ஜனவரி 14ல் ஸ்டாஃபோர்டே ராம்ஸோடு லயன்ஸின் அரங்கமான ஃபோர்ட் ஃபீல்டுக்கு வந்து, 24-23 என்று லயன்ஸ் ஜெயித்த ராத்திரி, பெரியவர் அழுதார். இந்த ஊரில் அதற்கு இணையான ராத்திரி ஒன்றை நான் பார்த்ததில்லை, 2004 உட்பட. இரண்டு வாரம் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு அவர்கள் மண்ணில் பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. லயன்ஸ் வீரரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்த பந்து எதிராளியின் கைக்கே போனது. 34-31 தோல்வி. அடுத்த சீசன் 15-2, ஆனால் சொந்த மண்ணில் வாஷிங்டனிடம் 45-31 தோல்வி. அந்த சான் ஃபிரான்சிஸ்கோ ஆட்டத்தில் கோச் டான் கேம்ப்பெல் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். நான் அவர் பக்கம். துணிந்து ஆடித்தான் அந்த அணி அங்கே வந்தது.

கைச்செலவும் நடையும்

ஃபோர்ட் ஃபீல்டில் 65,000 பேர் உட்காரலாம், ஆனால் வருஷத்துக்கு எட்டோ ஒன்பதோ ஆட்டம்தான். நான்கு பேர் குடும்பமாகப் போவதென்றால் ஒரு விமானப் பயணக் கணக்குப் போட வேண்டும். பிஸ்டன்ஸுக்குச் சொந்த ஊரில் 41 ஆட்டம். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கிளம்பி, மேல் அடுக்கில் சுலபமாக இடம் வாங்கலாம். டிவியில் நிலைமை தலைகீழ்: லயன்ஸ் ஆண்டெனா வைத்தாலே வரும், பெரும்பாலான பிஸ்டன்ஸ் ஆட்டங்களுக்குத் தனிச் சந்தா.

ஆகவே, புதிதாக வந்த தம்பி, உனக்கு நான் சொல்வது இது. டிசம்பரில் ஒரு வாரநாள் பிஸ்டன்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் எடு. காரைத் தள்ளி நிறுத்திவிட்டு உட்வர்டு அவென்யூ வழியாக நடந்து போ, குளிருக்குக் காதை மூடிக்கொள். பந்து பிஸ்டன்ஸ் பக்கம் வந்ததும் அறிவிப்பாளர் "டீ...ட்ராய்ட் பாஸ்கெட்பால்!" என்று இழுத்துச் சொல்வார், மொத்த அரங்கமும் கூடச் சொல்லும், நீயும் சொல். நவம்பர் நான்காம் வியாழன் யார் கூப்பிட்டாலும் லயன்ஸ் பார்க்கப் போய்விடு. யாரும் கூப்பிடாவிட்டால் எங்கள் தெருவுக்கு வா. பெரியவர் வீட்டில் நாற்காலி இருக்கும்.