2 டிபி பென் டிரைவ் மலிவாக வருகிறதா? காசைக் கொடுக்கும் முன் படியுங்கள்

பென் டிரைவ் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது கொள்ளளவில்தான். உறையில் 2 டிபி, அதாவது 2,000 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், செருகினால் கணினியும் 2 டிபி என்றே காட்டும். உள்ளே இருப்பதோ 16 அல்லது 32 ஜிபி சிப். சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருக்கும். டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரில் (அதற்குள் பதிந்த மென்பொருளில்) பொய்யான அளவை எழுதிவிடுகிறார்கள். கணினி எதையும் அளந்து பார்ப்பதில்லை, கன்ட்ரோலர் சொல்வதைத்தான் அப்படியே காட்டுகிறது.

உண்மையான இடம் தீர்ந்த பிறகும் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அதற்கு மேல் எழுதுவதை கன்ட்ரோலர் விழுங்கிவிடும், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். கோப்புகளின் பெயரும் அளவும் டிரைவின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். திறந்தால் போட்டோ பாதிக்கு மேல் சாம்பல் நிறம், வீடியோ ஓடாது, ஜிப் விரியாது. மீட்பு மென்பொருளாலும் பயனில்லை. சிப்பில் ஏறாத தரவை எங்கிருந்து மீட்பது?

புகார் செய்தால் விற்றவரிடமிருந்து வரும் பதில், ‘ஃபார்மட் பண்ணிப் பாருங்க’. விரைவு ஃபார்மட் தொடக்கப் பகுதியில் அட்டவணையை மட்டும் எழுதும், அதனால் போலி டிரைவிலும் அது வெற்றிகரமாக முடியும். திருப்பி அனுப்பும் கெடு கடப்பதற்கான உத்தி அது, வேறொன்றுமில்லை. ஐந்து நட்சத்திர விமர்சனங்களையும் நம்ப வேண்டாம். பலர் டிரைவ் கைக்கு வந்த அன்றே, நிரப்பிப் பார்க்காமல் எழுதுகிறார்கள். அதே சமயம், 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59.6 ஜிபி என்று தெரிந்தால் அது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது.

உறுதியான சோதனை ஒன்றுதான்: முழுதாக எழுதி, முழுதாகத் திரும்பப் படிப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசக் கருவி போதும். டிரைவைக் காலி செய்துவிட்டு, கிடைக்கும் இடம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போலி என்றால் எவ்வளவு தரவு நிலைத்தது, எவ்வளவு தொலைந்தது என்று அதுவே சொல்லிவிடும். லினக்ஸ், மேக் கணினிகளுக்கு எஃப்3 (F3) என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. அதில் எழுதும் கட்டளையான எஃப்3ரைட் முடிந்ததும் டிரைவை முறையாக வெளியேற்றி, மறுபடி செருகிய பிறகே படித்துச் சரிபார்க்கும் எஃப்3ரீட் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் ரேமில் வைத்திருப்பதையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும். வினாடிக்கு 10 எம்பி எழுதும் டிரைவில் 64 ஜிபியை நிரப்பவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், படிக்கும் நேரம் தனி. 2 டிபி என்றால் இரண்டு நாளுக்கு மேல். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, இடையிடையே தொட்டுப் பார்த்து உண்மையான அளவைக் கண்டுபிடிக்கும் எஃப்3ப்ரோப் லினக்ஸில் உண்டு, விண்டோஸில் வேலிடிரைவ் (ValiDrive) உண்டு.

வேகத்தில் நடப்பது சட்டத்துக்கு உட்பட்ட ஏமாற்று. யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றேதான், வினாடிக்கு 5 ஜிகாபிட். அது இணைப்பின் உச்ச வரம்பு. உள்ளே இருக்கும் சிப்பின் வேகம் அல்ல. ‘150 எம்பி வரை’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது படிக்கும் வேகமாகத்தான் இருக்கும். எழுதும் வேகத்தைச் சொல்லவில்லை என்றால், சொல்லும்படி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல டிரைவ்கள் முதல் சில ஜிபியை வேகமாக வாங்கிக்கொண்டு, கேஷ் (தரவைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் வேகமான பகுதி) நிரம்பியதும் 10, 20 எம்பிக்கு இறங்கிவிடும். 1 ஜிபி அளவுக்கு ஓட்டும் வேகச் சோதனையில் இது பிடிபடாது. 20 ஜிபிக்குக் குறையாத ஒரே கோப்பை நகலெடுத்து, கடைசி வரை வேகத்தைக் கவனியுங்கள். செருகியின் நீல நிறமும் சான்று ஆகாது. ஏ வகை எனப்படும் வழக்கமான செவ்வகச் செருகியின் உள்ளே முன்வரிசையில் 4, பின்னால் தள்ளி 5 என மொத்தம் 9 தொடுமுனைகள் இருந்தால்தான் அது யூஎஸ்பி 3. நான்கு மட்டும் இருந்தால் யூஎஸ்பி 2. நடைமுறையில் 30, 40 எம்பியைத் தாண்டாது.

நீடித்த உழைப்பும் வேகமும் சேர்ந்து வேண்டும் என்றால், எஸ்எஸ்டி (கணினிகளில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்) கன்ட்ரோலர் வைத்த பென் டிரைவ்களைப் பாருங்கள். ஸ்மார்ட் (S.M.A.R.T.) எனப்படும், டிரைவ் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் விவரங்களைக் காட்டுபவையாக இருந்தால் இன்னும் நல்லது, தேய்மானம் முன்கூட்டியே தெரியும். நகம் அளவுக் குட்டி டிரைவ்கள் நீண்ட நேரம் எழுதும்போது சூடேறி வேகம் குறையும். எதை வாங்கினாலும் ஒரே பிரதியை அதில் மட்டும் வைக்காதீர்கள். மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் டிரைவின் சேமிப்புச் சிப்பில் உள்ள தரவு அழியலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் டிரைவில் இனி ஒரு கோப்பும் எழுத வேண்டாம். இருப்பதைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். பிறகு சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பணம் வராவிட்டால், உண்மையான அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் (பயன்படுத்தும் பகுதி) போட எஃப்3 தொகுப்பின் எஃப்3ஃபிக்ஸ் உதவும். ஆனால் இத்தகைய டிரைவ்களில் தரச் சோதனையில் கழித்த சிப்புகளும் வருவதால், தொலைந்தாலும் கவலையில்லாத கோப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.