எட்டு வருடம் ஓட்டிய கார், இரண்டு கதவு ஸ்பீக்கர்கள்

அலுவலக நண்பர் ஒருவர், என்னிடம் இருக்கும் இதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்டார். மைலேஜ், ஏசி எல்லாம் அவருக்கே தெரியும். எட்டு வருடத்தில் இன்ஜின் ஒரு நாள்கூட என்னை ரோட்டில் நிறுத்தியதில்லை. எனக்குக் கோபம் அந்தக் கதவு ஸ்பீக்கர் மேல்தான்.

ஆறாவது வருடத்தில் டிரைவர் பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தது. கடையில் காட்டினேன். ஸ்பீக்கர் போய்விட்டது என்று புதிதாக மாட்டினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. அடுத்து ஸ்டீரியோவையே மாற்றச் சொன்னார்கள். அப்போதுதான் மல்டிமீட்டர் (ஓம், வோல்ட் எல்லாம் அளக்கும் கருவி) வாங்கினேன்.

புது ஸ்பீக்கரின் கனெக்டரைக் கழற்றி அளந்தால் 3.6 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவுதான். டிக்கியில் கிடந்த பழையதை எடுத்து அளந்தேன். அதுவும் 3.5! ஒரு பென்டார்ச் பேட்டரியைத் தொட்டதும் டப் என்று கோன் (ஸ்பீக்கரின் நடுவே அதிரும் கூம்பு) முன்னால் வந்தது. நல்ல ஸ்பீக்கரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

சரி, அடுத்தது ஒயர். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னால் உள்ள கனெக்டரைப் பிடுங்கினேன். முன் வலது ஸ்பீக்கருக்கு சாம்பல் நிற ஒயரும், கறுப்புக் கோடு போட்ட சாம்பல் ஒயரும். இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து, மனைவியைக் கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னேன். திறந்திருக்கும்போது 3.9. பாதி சாத்தியதும் எண் காணாமல் போனது, அதாவது ஒயர் எங்கோ விட்டுப்போகிறது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்த்தேன். ஒயரின் மேல்தோலில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் லேசாக இழுத்ததும் ஓரிடத்தில் மட்டும் சவ்வு மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்குகிற இடத்தில் இவ்வளவு மெல்லிய ஒயரைப் போட்டவர்களை என்ன சொல்ல?

மடங்கும் இடத்தில் சால்டர் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி அறுந்துவிடும். அதனால் ரப்பருக்கு இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி, இரண்டடிக்கு நல்ல மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் கொண்ட) ஒயர் கொடுத்து இணைத்தேன். மைனஸை பாடியில் எர்த் செய்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இப்போதைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கர் ஒயர் இரண்டிலும் ஆறு வோல்ட் அளவில் இருக்கும். பாடியில் பட்டால் ஸ்டீரியோ எல்லா ஸ்பீக்கரையும் நிறுத்திவிடும், உள்ளே ஒலியைப் பெருக்கும் சிப்பான ஆம்ப் ஐசியே போனாலும் போகும்.

இரண்டு வருடமாக அந்தக் கதவு அருமையாகப் பாடுகிறது. வண்டியை வாங்குங்கள் என்றுதான் நண்பரிடம் முதலில் சொன்னேன். நேற்று இடது கதவும் ஆரம்பித்துவிட்டது. ராத்திரியே போன் செய்து, வேண்டாம், வேறு வண்டி பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.